அறுபது நிமிஷத்தில் அடங்காத பாட்டு

"இது யாரு பாடுதா?"

ஹெட்போனைக் காதிலிருந்து இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிரேஸ்மணி அக்கா கேட்டார்.

செம்பூரில் என் வீட்டு உள்ளறை அது. கட்டில் போட வேண்டிய இடத்தில் ஸ்பூல் டேப் ஓட்டுகிற மெஷின் நிற்கும். பழைய டேப்புகளை அதில் ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, மறுபடி வெளியிட நினைக்கிறவர்களுக்குக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பது இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது, நல்லது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அக்கா பாண்டுப்பில் கிளம்பி, குர்லாவில் ரயில் மாறி, செம்பூர் ஸ்டேஷனில் ஆட்டோக்காரனிடம் இந்தியில் ஒரு பாட்டம் சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டிய வயது. தாராவியில் எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். நாங்கள் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற குடும்பம், அவர்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இரண்டு வீட்டுக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் மற்ற எல்லாம் ஒன்றுதான்.

"நீங்கதான் பாடுதிய" என்றேன்.

"போடே. நான் எங்க இப்படிப் பாடினேன்? இது யாரோ விவரமான பொம்பளை, நின்னு நிதானமாப் பாடுதா. எனக்குக் கீச்சுக் குரல்லா."

தன் குரல் தனக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு மூன்று நாளாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் அவரை வரச் சொல்லியிருந்தேன்.

சயான் வாசகரின் கேள்வி

கொஞ்சம் விலகிப் போய்விட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சயானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். தாராவி சர்ச் ஒன்றின் பாடகர் குழு கேசட் காலத்தில் பாடிய பத்துப் பாட்டுகள் இப்போது புதிதாக வெளிவந்திருக்கின்றனவே, அதைப் பற்றி. "பழைய கேசட்டில் அந்த அம்மாவின் குரல் குயில் மாதிரி இருக்கும். புதியதில் கனத்துக் கிடக்கிறது. பாட்டும் மெதுவாகப் போகிறது. டேப் கெட்டுப்போச்சா, இல்லை நீர் கெடுத்தீரா?"

சுருக்கென்று கேட்டாலும் நியாயமாகக் கேட்டிருக்கிறார். கெடுத்தது நான்தான் ஐயா. ஆனால் நீங்கள் நினைக்கிற நேரத்தில் இல்லை.

வத்தல் பெட்டியில் வெந்த டேப்

டேப்பைக் கொண்டுவந்தவர் ஜான்சன். அந்தச் சர்ச்சின் செயலாளர், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் பீரோவில் பலிபீடத் துணிகளுக்கு அடியில், பாச்சை உருண்டைகளோடு கிடந்ததாம். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்.

மெஷினில் மாட்டிப் பத்து விநாடி ஓட்டினேன். டேப் கீச்சிட்டது. உடனே நிறுத்திப் பார்த்தால், டேப் உரசிப் போகிற இடமெல்லாம் பழுப்பாகக் களிம்பு.

இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். டேப் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்புத் துரு மாதிரி ஒரு தூளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பாட்டு அந்தத் தூளில்தான் பதிந்திருக்கிறது. சிலவகைப் பசைக்கு ஒரு கெட்ட குணம், காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். பம்பாய் மழையை எத்தனை வருஷம் குடித்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பசை இளகிப் பிசுபிசுத்துப் போன டேப்பை வம்படியாக ஓட்டினால் தூள் உரிந்து வந்துவிடும். மெஷினைத் துடைக்கிற பஞ்சில் இருப்பது அழுக்கில்லை, பாட்டு.

இதற்கு வைத்தியம் உண்டு. சூடு அதிகமில்லாமல், ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, எட்டு மணி நேரம் டேப்பை வாட்ட வேண்டும். ஈரம் போய்ப் பசை இறுகும். அப்புறம் சில வாரங்களுக்கு டேப் ஓடும். அதற்குள் பதிந்துகொண்டால் உண்டு.

எங்கள் மாடியில் வெயில் விழாது, விழுகிற இடத்தில் புறா. அதனால் என் மனைவி சாந்தா வத்தல் போட ஒரு மின்சாரப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். தட்டுத் தட்டாக உள்ளே போகும், அளவாக வெந்நீர்ச் சூட்டில் காற்று வீசும். டேப்புக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

"மோர்மிளகா போடலாம்னு கழுவி வச்சிருக்கேன்" என்றாள் சாந்தா.

"நாளைக்குப் போடு. இது சாமி பாட்டு."

"எட்டு மணி நேரமா? ஆட்டுக்காலே அம்புட்டு நேரம் வேகாதே. பாட்டுல மொளகா வாடை அடிச்சா என்னையச் சொல்லக்கூடாது, ஆமா."

ஒரு மணிக்கொரு தரம் டேப்பைத் திருப்பிப் போட்டவளும் அவள்தான். நான் மத்தியானம் தூங்கிவிட்டேன்.

பாடுவதற்கு முன்னால் பாடியவர்

மறுநாள் டேப் ஓடியது. கீச்சு இல்லை, களிம்பு இல்லை. ஆனால் வயசு காட்டியது.

உச்சத்தில் ஒலிக்கிற சத்தங்கள் மழுங்கிவிட்டன. 'ஸ்தோத்திரம்' என்று பாடினால் 'த்தோத்திரம்' என்று கேட்டது. தூள் உதிர்ந்த இடங்களில் குரல் சட்டென்று மெலிந்து, மறுபடி நிமிர்ந்தது. மூன்றாவது பாட்டில் தபலாவின் ஒரு தட்டையே காணோம்.

இன்னொரு வேடிக்கை, எத்தனை டேப் பார்த்தாலும் எனக்கு அலுக்காதது. அக்கா ஒரு பாட்டை எடுப்பதற்கு ஒரு விநாடி முன்னால், அதே வரி சன்னமாக, அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. சுற்றிவைத்த டேப்பில் ஒரு சுற்று அடுத்த சுற்றின் மேல் படிந்து கிடக்கிறது. வருஷக்கணக்கில் கிடந்தால் காந்தம் ஒரு சுற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதனால் பாடுவதற்கு முன்னாலேயே பாடிவிடுகிறார்கள்.

இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. குரலே வேறாக இருந்தது.

சரிபார்க்க ஜான்சன் தன் வீட்டுக் கேசட்டையும் கொடுத்திருந்தார். அதில் அக்காவின் குரல் மெல்லிசாக, பதினெட்டு வயதுப் பெண் மாதிரி. டேப்பில் தாழ்ந்து, கனத்து, நிதானமாக. வயசானதால் டேப் இப்படி ஆகிவிட்டதா? வாட்டியதில் நாடா இழுபட்டுவிட்டதா? என் மெஷினே மெதுவாக ஓடுகிறதா? பாவி, சாந்தா சொன்ன மாதிரி வேகவைத்துக் கெடுத்துவிட்டேனா என்றுகூடப் பயந்தேன்.

முனகல் சொன்ன சாட்சி

மெஷினின் வேகத்தை அளந்தேன், சரியாக இருந்தது. நாடாவை அளந்தேன், இழுபடவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளில் அடியில் ஒரு முனகல் இருக்கும். கரண்டு முனகல். ஆம்ப்ளிபயரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர்க் கரண்டு விநாடிக்கு ஐம்பது தடவை அதிர்கிறது, முன்னே பின்னே கொஞ்சம் இருக்கலாம், அவ்வளவுதான். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டலாம், டேப்புக்கு வயசாகலாம், முனகல் மாறாது.

கம்ப்யூட்டரில் டேப்பின் முனகலை அளந்தேன். ஐம்பது.

கேசட்டின் முனகலை அளந்தேன். ஐம்பத்து மூன்று சொச்சம். வேறு ஒரு மெஷினில் போட்டும் பார்த்தேன். அதே ஐம்பத்து மூன்று.

அப்படியானால் டேப் சரி, கேசட்தான் தப்பு. யாரோ டேப்பை வேகமாக ஓட்டிக் கேசட்டில் ஏற்றியிருக்கிறார்கள். எந்த மடையன் செய்தான் என்று திட்டிக்கொண்டே கேசட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தேன். மாட்டுங்கா முகவரி. அட, நான் வேலை பார்த்த கடை.

அந்த மடையன் யார் என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

யாருக்குத் தெரியப் போகிறது

அந்தக் கடையில் மேலே ஒரு ஸ்பூல் மெஷின், கீழே எட்டுக் கேசட் மெஷின். மேலே ஓடுவது கீழே எட்டிலும் ஏறும். எனக்கு இருபத்து மூன்று வயது. மொத்தக் கடையும் என் கையில் என்ற மிதப்பு.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஆசீர்வாதம் வாத்தியார் டேப்போடு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சர்ச்சில் பாடகர் குழுவுக்குத் தலைவர், ஹார்மோனியமும் அவரேதான். பத்துப் பாட்டில் ஒன்றையும் விடக்கூடாது, ஒரு சரணத்தையும் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டிப் பார்த்தால் அறுபத்து நாலு நிமிஷம். கடையில் இருந்ததெல்லாம் அறுபது நிமிஷக் கேசட். முதலாளி "எப்படியாச்சும் உள்ளே தள்ளு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஸ்பூல் மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. கொஞ்சம் திருகினேன். அறுபத்து நாலு, அறுபதில் அடங்கியது. குரல் கொஞ்சம் ஏறியது. ஏறினால் என்ன, நன்றாகத்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

வாத்தியார் கேசட்டைக் கேட்டுவிட்டு வந்து, "கிரேஸ் குரல் என்னமா விழுந்திருக்கு, உம்ம கைராசி" என்று என் தோளைத் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. பெருமையாக வேறு இருந்தது.

ஹார்மோனியத்தின் மேல் விழுந்த பழி

கேசட் தாராவியிலிருந்து பாண்டுப் வரை தமிழ் வீடுகளில் ஓடியது. பாடகர் குழுவும் அதை வைத்தே பயிற்சி எடுத்தது. அந்தக் காலத்தில் அதுதான் பழக்கம். தாங்களே பாடியதானாலும், கேசட்டில் வந்துவிட்டால் அது அச்சில் ஏறிய மாதிரி. அதைப் போட்டுவிட்டுக் கூடவே பாடுவார்கள்.

வாத்தியார் ஹார்மோனியத்தைக் கேசட்டோடு சேர்த்து வாசித்தால் சேரவில்லை. அதே ஹார்மோனியம், அதே விரல், அதே பாட்டு. கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கணக்குப் போட்டார். கேசட் தப்பாக இருக்காது. ஆகவே ஹார்மோனியம்தான் பழசாகிச் சுருதி இறங்கிவிட்டது. இறங்கியதைச் சரிக்கட்ட, அரைப் படி மேலே தள்ளிப் பிடித்து வாசித்தார்.

பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டை என்று எண்ணுவார்கள். அக்கா பாடியது ஐந்து கட்டையில். என் குமிழும் வாத்தியாரின் கணக்கும் சேர்ந்து அவரை ஐந்தரையில் நிறுத்தின. அரைக் கட்டை என்ன பெரிது என்று கேட்பீர்கள். உச்சியில் நின்று தனியாக இழுக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தோடு பாடியவர்கள் சமாளித்துவிட்டார்கள். தனிக் குரல் அக்காவுடையது.

ஈஸ்டர் ஆராதனையில் அந்த உச்ச இடத்தில் அவர் குரல் உடைந்தது. திரும்ப எடுத்தார், திரும்பவும் உடைந்தது. வாத்தியார் வாசிப்பை நிறுத்தி, "நீ உக்காரும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னாராம். ஆனால் சர்ச் முழுக்கக் கேட்டது.

அப்போது மூத்த மகள் பிறந்து மூன்று மாதம். பேறுகாலத்தில் குரல் போய்விட்டது என்று சந்துப் பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தூதுவளை, துளசி, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். வீட்டில் யாரும் இல்லாதபோது கேசட்டைப் போட்டு அக்கா கூடவே பாடிப் பார்ப்பாராம். தன் குரலைத் தன்னாலேயே எட்ட முடியவில்லை. அத்தோடு விட்டுவிட்டார்.

இதெல்லாம் அப்போதே என் காதில் விழுந்ததுதான். என் அம்மா வந்து சொல்லி, "பாவம் அந்தப் பிள்ளை" என்று உச்சுக்கொட்டினாள், நானும் கொட்டினேன். குமிழையும் அக்காவையும் சேர்த்து நினைக்க என் மண்டைக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இம்புட்டுத்தானா?"

பாட்டுகள் வெளிவருவதற்கு முந்தைய அந்த மத்தியானத்துக்கு மறுபடி வருகிறேன்.

அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டிக் காட்டினேன், கேசட்டின் குயில் வந்தது. குறைத்தேன், நிதானமான பெண் வந்தாள். நாலைந்து தடவை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டார். முகத்தில் கோபத்தைக் காணோம். புதுசாக ஒன்றைக் கண்டுகொண்ட ஆள் மாதிரி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் குமிழு?"

"அந்த மெஷின் இப்ப இல்ல அக்கா. இதுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. இந்தா."

"எம்புட்டுத் திருகின?"

திருகிக் காட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவு.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

சாந்தா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"என் பிள்ளைகளுக்கு நான் தாலாட்டே பாடல, முத்து" என்றார் அக்கா. "ரெண்டு பேருக்கும் பாடல. தொட்டில்ல போட்டுட்டு ரேடியோவத் திருப்பி வச்சிருவேன். ஆண்டவர் குடுத்தாரு, ஆண்டவரே எடுத்துக்கிட்டாருன்னு இருந்தேன். எடுத்தது நீயாடே?"

அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று கையைக் கூப்பினேன்.

"அதெல்லாம் பொறவு" என்றார். "வாத்தியார் என்னைய எல்லாரு முன்னாலயுந்தான் உக்காரச் சொன்னாவ. நீ ரூமுக்குள்ள வச்சு எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? சர்ச்சுக்கு வந்து சொல்லு."

ஜான்சனின் யோசனை

ஜான்சனுக்குப் போன் போட்டேன். மனுஷன் நல்லவர், ஆனால் முப்பது வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவர்.

"அண்ணாச்சி, காலிப்பீலி எதுக்கு லப்டா?" என்றார், வீண் வம்பு எதற்கு என்பதைப் பம்பாய் இந்தியில். "கேசட்டுல எப்படி இருக்கோ அப்படியே வேகமாப் போட்டுருங்க. ஜனங்க அதத்தான் தேடுதாங்க. உங்க பேரும் கெடாது, வாத்தியார் பேரும் கெடாது."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது. கேட்கிறவர்களின் ஞாபகத்தில் இருப்பது கேசட்தான். மழுங்கிய 'ஸ்'ஸை நான் தீட்டிக் கொடுப்பேன். உதிர்ந்த தட்டை ஒட்டுப்போடுவேன். அதெல்லாம் டேப்பின் வயசுக்குச் செய்கிற பணிவிடை. ஆனால் வேகம் வயசால் வந்ததில்லை. அதை அப்படியே விட்டால் இரண்டாவது தடவையும் நானே குமிழைத் திருகின கணக்கு.

"ஜான்சன், எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க. அறிவிப்பெல்லாம் முடிஞ்ச பிறகு. இல்லேன்னா டேப்பத் திருப்பித் தந்திருதேன்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு வாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

தாராவியில் அந்தச் சர்ச்சுக்குள் நான் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன், மைக்கின் முன்னால் நின்றதில்லை. முன்வரிசையில் பழைய பாடகர் குழுவில் மிஞ்சிய நாலைந்து பேர். நடுவில் குடும்பங்கள். பின்னால் இளசுகள் இந்தியில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். கிரேஸ்மணி அக்கா கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி, மூத்த மகளோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டையும் போட்டுக் காட்டினேன். முதலில் கேசட், அடுத்து டேப். முனகல் கணக்கையும் சொன்னேன். முனகலை அளக்கலாம் என்றதும் இளசுகள் குசுகுசுப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"வாத்தியார் மேல தப்பில்ல. ஹார்மோனியம் சுருதி இறங்கவும் இல்ல" என்றேன். "அக்கா தொண்டைக்கு ஒண்ணும் ஆகல. அவங்க அன்னைக்கு எப்படிப் பாடினாங்களோ அதத்தான் ரெண்டாவது கேட்டிய. பாட்டு கேசட்டுக்குள்ள அடங்கலேன்னு வேகத்தைக் கூட்டினது நான். நீங்க எல்லாரும் அவங்கள உக்கார வச்சது என்னாலதான்."

முன்வரிசையில் ஒரு அம்மா, அக்காவோடு அன்றைக்கு நின்று பாடியவர், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஜான்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதகர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

கடைசி பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நடுவழியாக நடந்து வந்தார். மகள் கையைப் பிடிக்க வந்ததைத் தட்டிவிட்டார். என்னைத் தாண்டிப் போய், பாடகர் குழு நிற்கிற இடத்தில் நின்றார். நான் மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

கீபோர்டில் இருந்த பெண்ணுக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது. டேப்பில் கேட்ட சுருதியைக் கீபோர்டில் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் அக்காவிடம் பயபக்தியோடு கேட்டாள்: "ஆன்ட்டி, அஞ்சு கட்டையிலயே எடுக்கட்டுமா?"

"அஞ்சு அன்னைக்கு" என்றார் அக்கா. "நாலரையில எடு. எனக்கு வயசாயிட்டுல்லா."